முதுமையில் தசையும் ஆகாரமும்
(அருப்புக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பெற்றோரின் நினைவாக ஆண்டுதோறும் ஊரார் ஒருங்குகூடிப் பயனுள்ள ஒரு பொருளைக் கேட்டுச் சிந்திப்பதற்கு வழி செய்து வைத்த குடும்பத்தாருக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். முதியோரின் சரீர நலத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைப் பணித்தபோது, கண், காது, இருதயம், நீரிழிவு என்று பலவும் நினைவுக்கு வந்தபோதிலும், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள முதியோருக்கு வைத்தியம் பார்த்து வருகிற நான், எவரும் வியாதி என்று சொல்லிக்கொண்டு வராததும், ஆயினும் பல வியாதிகளுக்குக் கதவைத் திறந்து விடுவதுமான ஒரு க்ஷீணத்தைப் பற்றியே பேசுவது என்று தீர்மானித்தேன். அது தசையின் க்ஷீணம்.

“கால்ல வலு இல்ல சாமி, உக்காந்தா எந்திரிக்க முடியல” என்று ஒரு தாய் சொல்லுகிறாள். அருகில் நிற்கிற மகன், “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று அவளுக்குச் சமாதானம் சொல்லுகிறான். அந்த மகனுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அவனுடைய அபிப்பிராயத்தைத்தான் நான் இன்று மறுக்க வந்திருக்கிறேன். வயது தசையைக் குறைக்கிறது என்பது மெய். ஆனால் நம் வீடுகளில் நாம் காண்கிற தளர்ச்சியில் ஒரு கணிசமான பகுதி வயதின் செயலன்று. தட்டில் விழுகிற ஆகாரத்தின் குறைவும், உடம்புக்கு வேலையில்லாமற் போனதும் சேர்ந்து செய்கிற செயல். வயதைத் திருப்ப நம்மால் முடியாது. தட்டையும் வேலையையும் திருத்த முடியும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

தசை செய்யும் வேலை

நடப்பதற்கும் சுமை தூக்குவதற்குமே தசை இருக்கிறது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். உடம்பின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்காக அமைந்திருக்கிற அந்த உறுப்பு செய்கிற மற்ற வேலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்தவுடன், இன்சுலினின் ஏவலால் அதில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசையே. ஆகையால் தசை சிறுத்த உடம்பில் அந்தச் சர்க்கரைக்கு இடம் போதாமல், அது இரத்தத்திலேயே தங்கி நீரிழிவுக்கு வழி செய்கிறது. காய்ச்சல் கண்டாலும், இடுப்பெலும்பு முறிந்தாலும், புண்ணை ஆற்றுவதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் வேண்டிய அமினோ அமிலங்களை உடம்பு தசையை உடைத்தே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு முன்பே கரைந்து போனவருக்கு, மற்றவர் பத்து நாளில் எழுந்துவிடுகிற காய்ச்சல் மாதக்கணக்கில் நீள்கிறது.

தசை ஒருமுறை கட்டி முடித்து நிறுத்தி வைத்த பொருள் அன்று. இவ்வூராருக்குத் தறியைச் சொன்னால் எளிதில் விளங்கும்: ஒரு புறம் துணி நெய்யப்பட்டுக்கொண்டும், மறுபுறம் நெய்த துணி நூல் நூலாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிற ஒரு தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குத் தசைப் புரதத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இவ்வாறு பிரிந்து புதிதாகிறது. வளர்சிதை மாற்றம் என்று சாஸ்திரம் சொல்லுவதில் இந்த நித்தியக் காரியமும் அடங்கும். புரதமுள்ள ஆகாரமும், தசைக்கு வேலை கொடுக்கிற உழைப்பும் நெய்கிற பக்கத்தைத் தூண்டுகின்றன. பட்டினியும், படுக்கையும், நீடித்த நோயும் பிரிக்கிற பக்கத்துக்கு மேல்கை கொடுக்கின்றன.

முதுமையில் நேர்வது என்னவென்றால், நெய்கிற பக்கம் மந்தமடைகிறது. அதே அளவு புரதத்தை உண்டாலும் முதியவருடைய தசை இளைஞனுடைய தசையைப் போலத் தூண்டப்படுவதில்லை. ஒரு வேளை ஆகாரத்தில், உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 0.24 கிராம் புரதம் இருந்தால் இளைஞனின் தசை முழு அளவில் கட்டத் தொடங்குகிறது. முதியவருக்கு அதே விளைவை உண்டாக்க 0.4 கிராம் தேவைப்படுகிறது என்று 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இதனோடு, தசையை ஏவுகிற நரம்பணுக்களும் வயதில் ஒவ்வொன்றாக மடிகின்றன. அவற்றை நம்பியிருந்த நார்கள், விசேஷமாக, கால் இடறும்போது சட்டென்று ஊன்றி உடம்பைத் தாங்குகிற விரைவு நார்கள், மெலிந்து போகின்றன. ஆகவேதான் தசையின் அளவு குறைகிற வேகத்தைவிடப் பலம் குறைகிற வேகம் அதிகமாக இருக்கிறது; முதியோர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இந்த க்ஷீணத்துக்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் சார்கோபீனியா என்று பெயரிட்டார்; 2016-ல்தான் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்கென்று ஒரு தனிக் குறியீடு கிடைத்தது. பெயர் புதிதானாலும் கண்டறிய வழி எளிது. ஆசிய நாட்டு வல்லுநர்கள் 2019-ல் வகுத்த அளவுகளின்படி, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் அளந்த சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் ஐயப்பட வேண்டும். கைப்பிடியின் வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தாலும் அவ்வாறே. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு சாதாரண நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவதற்கு 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆகுமானால், அதுவும் எச்சரிக்கையே. தையற்காரர் வைத்திருக்கிற நாடாவும், விநாடி காட்டுகிற ஒரு கடிகாரமும், ஒரு நாற்காலியும் இருந்தால் எந்தத் திண்ணையிலும் இச்சோதனையை நடத்தலாம்.

குன்னூர் தந்த பாடம்

ஆகாரத்துக்கும் தேக பலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பெருமையில் தமிழ்நாட்டுக்கு முதன்மையான பங்கு உண்டு. நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-ல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் ஆகாரங்களைத் தயாரித்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் ஆகாரம் தலைசிறந்து நின்றது. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட மதராஸி ஆகாரம் கடைசியில் நின்றது.

அந்தக் கூடத்தின் மரபில் வந்தவர், சேலத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் நமக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று இன்றைக்கும் பிரதானமானது: வயிறு நிறையாதவனுக்குப் புரதம் மட்டும் கொடுத்துப் பயனில்லை, எரிசக்தி போதாத உடம்பு, கொடுத்த புரதத்தையும் எரித்துச் சூடாக்கிக்கொண்டு விடுகிறது, தானியமும் பருப்பும் சேர்ந்த சாதாரண இந்திய உணவை வயிறார உண்டால் பெரும்பாலோருக்குப் புரதமும் கிடைத்துவிடும். அவரும் ஸ்ரீகாந்தையாவும் 1960-ல் சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைப் பெல்லாகரா நோயோடு தொடர்புபடுத்தினார்கள். அக்கருத்து பின்னர் மிகுந்த விவாதத்துக்கு உள்ளாயிற்று. அதே லியூசின்தான் தசையைக் கட்டத் தொடங்கு என்று உயிரணுவுக்கு அறிவிக்கிற முதன்மையான சமிக்ஞை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. கம்பிலும் சோளத்திலும் உளுந்திலும் நிலக்கடலையிலும் அது இருக்கிறது. பாலிலும் முட்டையிலும் நிரம்ப இருக்கிறது.

கரிசல் மண்ணின் தட்டு

மக்காரிசன் கடைசியில் நிறுத்திய அரிசி ஆகாரம் அந்நாளில் நம் கரிசல் காட்டின் ஆகாரமாக இருக்கவில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களைவிட மணல் தெரிகிற நாட்களே அதிகமான இப்பிரதேசத்தில், ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும், சோளமும், குதிரைவாலியும், கேழ்வரகும்தான் பானையில் வெந்தன. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விசேஷங்களுக்கும் உரியதாக இருந்தது. கூழுக்கு மோரும் வெங்காயமும், கம்மஞ்சோற்றுக்குக் காணம் என்னும் கொள்ளில் அரைத்த துவையலோ கருவாட்டுக் குழம்போ, தட்டைப்பயறோ மொச்சையோ வெஞ்சனமாக வந்தன. தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயற்றில் மிகுதியாகவும், பயற்றில் குறைவாக உள்ள மெதியோனின் தானியத்தில் போதுமானதாகவும் இருப்பதால், இரண்டும் சேர்ந்த உணவு ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சாஸ்திரம் அறியாமலே நம் முன்னோர் இந்தச் சேர்க்கையை அனுபவத்தால் கண்டுகொண்டிருந்தனர்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் அன்றைய சென்னை ராஜதானியில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதை அறிந்தவர்கள் எவரும் மழை பொய்த்த சீமையின் பழைய வாழ்வைப் புகழ்ந்து பேசமாட்டார்கள். 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடையில் கிடைத்து வருகிற அரிசி இந்தச் சீமையிலிருந்து பட்டினியை விரட்டியது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அரிசி வந்த வேகத்தில் பயறு வரவில்லை. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு என்றால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். அதிலுள்ள புரதம் இரண்டு கிராமுக்கும் குறைவு. நம் கரிசலில் மானாவாரியாக விளைகிற உளுந்தும் பாசிப்பயறும் களத்திலிருந்து நேரே விருதுநகர் வியாபாரத்துக்குப் போய்விடுகின்றன. விளைவித்தவர் வீட்டுத் தட்டில் வெள்ளைச் சோறும் புளிக்குழம்பும் மிஞ்சுகின்றன.

இந்தத் தட்டிலும் மிகமிக மெலிந்தது வீட்டில் மூத்தவருடைய தட்டு. திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், 45 கிலோ எடையுள்ள, எழுபதைக் கடந்த ஒரு தாயின் ஒருநாள் ஆகாரத்தை எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் ஒரு வறக்காப்பி, அதில் நனைத்து இரண்டு ரஸ்க். மதியம் ஓர் உழக்குக்கும் குறைவான அரிசிச் சோறு, தெளிவான ரசம், கொஞ்சம் மோர். ராத்திரி இரண்டு மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி. கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்து கிராம் புரதம்கூடத் தேறாது. அதுவும் பாதி மதியச் சோற்றில். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த அளவு, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம்; முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது 2013-ல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட முடிவு. அந்தத் தாய்க்கு 45 முதல் 54 கிராம் வரை தேவை, கிடைப்பது பாதி. “வயசான காலத்துல அரை வயிறு போதும்” என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட கொள்கை. முதியவருக்குத் தேவையான எரிசக்தி சற்றுக் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் புரதத்தின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆகவே அவருடைய சோற்றைச் சற்றுக் குறைக்கலாம், வெஞ்சனத்தைக் குறைக்கலாகாது.

மண்ணிலேயே இருக்கிற பரிகாரம்

டப்பாவில் அடைத்து விற்கிற புரதமாவு இதற்கு அவசியமில்லை. காலையில் அறுபது கிராம் கம்பில் காய்ச்சிய கூழும், ஒரு டம்ளர் கெட்டி மோரும், ஒரு கைப்பிடி நிலக்கடலையைப் பல்லுக்கு ஏற்றபடி இடித்து அரைத்த துவையலும் கொடுத்தால் ஏறத்தாழ 17 கிராம் புரதம் ஆயிற்று. மதியம் நூறு கிராம் அரிசிச் சோற்றோடு, நாற்பது கிராம் காணத்தையோ தட்டைப்பயற்றையோ குழைய வேகவைத்துக் கடைந்த குழம்பும் ஒரு முட்டையும் சேர்ந்தால் 23 கிராம்; முட்டை உண்ணாதவர்கள் ஒரு கிண்ணம் தயிரையும் கூடுதலாகக் கொஞ்சம் பயற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ராத்திரி நாற்பது கிராம் உளுந்தில் கிண்டிய களியும் ஒரு டம்ளர் பாலும் 16 கிராம். மூன்றும் சேர்ந்து ஐம்பது கிராமைத் தாண்டிவிடுகிறது. அதுவும் ஒரே வேளையில் குவியாமல், மூன்று வேளைக்கும் ஏறத்தாழச் சமமாகப் பரவி நிற்கிறது.

உளுந்தங்களியைப் பற்றி ஒரு வார்த்தை விசேஷமாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும், இடுப்புக்கு வலு வரவேண்டும் என்று, உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி உருட்டிக் கொடுக்கிற வழக்கம் நம் சீமையில் வீட்டுக்கு வீடு உண்டு. உடம்பு கட்டப்படுகிற பருவம் எது என்று அறிந்து, அந்தப் பருவத்துக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்த அறிவு அது. தன் கையாலே எத்தனையோ பெண்களுக்குக் களி உருட்டிக் கொடுத்த பாட்டிக்கு, தொடை சிறுத்து அவள் சுவரைப் பிடித்து எழுகிற காலம் வந்தபோது, “செரிக்காது” என்று சொல்லி ரசச்சோற்றோடு நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலோருக்குச் செரிக்கிறது. கருப்பட்டியைக் குறைத்தோ விட்டோ செய்தால் நீரிழிவுக்காரருக்கும் ஆகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் களியாக உண்ணாமல், கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பதே நல்லது.

உழைப்பு இல்லாமல் ஆகாரம் மட்டும் போதாது

இத்தனை சொன்ன பிறகும், ஆகாரத்தால் மட்டும் தசை திரும்பாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி தொண்ணூறு வயதுள்ளவர்களுக்கு எட்டு வாரம் காலால் பளுவை உந்துகிற பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய கால்பலம் சராசரி 174 சதவீதம் உயர்ந்தது என்று மரியா ஃபியாடரோன் 1990-ல் வெளியிட்டார். 1994-ல் நூறு தளர்ந்த முதியோரிடம் பத்து வாரம் நடத்திய மற்றொரு சோதனையில், பயிற்சி பெற்றவர்களின் பலம் 113 சதவீதம் உயர்ந்தது. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்பதே இவற்றின் முடிபு. இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு: ஆரோக்கியமான முதியோரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது என்று 2007-ல் கண்டார்கள்.

நம் சீமையின் பழைய தொழில்கள் இந்தப் பயிற்சியைக் கேளாமலே கொடுத்தன. குழித்தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்டினவர், பொழுது முழுதும் மிதிகட்டையைக் கால் மாற்றி மிதித்தார். கமலை ஓட்டியவர் மாட்டோடு சரிவில் ஏறி இறங்கினார். கரிசலில் களை எடுத்த பெண் குந்தியபடியே நிரை நிரையாக நகர்ந்தாள். அந்த உழைப்பில் துன்பமும் கூலிக்குறைவும் கலந்திருந்தன. அது திரும்பி வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். தறியையும் காட்டையும் விட்டு ஒதுங்கிய பிறகு, அந்த அசைவில் ஒரு சிறு பங்கையாவது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். காலையும் மாலையும் நாற்காலியில் கை ஊன்றாமல் எட்டு முதல் பத்து முறை எழுந்து உட்காருவது, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் ஏந்தித் தோள்வரை தூக்குவது, இவ்வளவுதான். முதல் வாரம் மூன்று முறையே முடிந்தால் மூன்றே போதும். வாரந்தோறும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். நடைப்பயிற்சி இருதயத்துக்கு நல்லது. ஆனால் எழுந்து உட்காருகிற பலத்தை நடை மட்டும் தந்துவிடாது. காய்ச்சலோ அறுவையோ வந்து படுத்தவரை, மருத்துவர் அனுமதித்த முதல் நாளிலேயே கட்டிலோரம் எழுப்பி உட்கார வைப்பது நாம் அவருக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

ஊரும் அரசும் செய்யக்கூடியது

பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற தர்மத்தை அரசின் கடமையாக்கிய பெருமை இந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கினார். 1977-ல் இந்த அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து, 1983-ல் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் அதை நீட்டித்தார். குழந்தையின் தட்டையும் முதியவரின் தட்டையும் ஒரே திட்டத்தில் வைத்து நினைத்த அந்தச் செயலின் உட்பொருள் ஆழமானது. வளர்கிற தசையும் தேய்கிற தசையும் ஒரே பொருளையே வேண்டி நிற்கின்றன. பள்ளிப் பிள்ளையின் தட்டுக்கு முட்டையும் பயறும் வந்து சேர்ந்ததைப் போல, முதியவருடைய தட்டுக்கும் அவை நிச்சயமாக வந்து சேரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசியோடு நம் மண்ணின் உளுந்தும் காணமும் கம்பும் கிடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். கோவிலாங்குளத்தில் இருக்கிற வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகச் செய்கிற பணி, விளைச்சலோடு நின்றுவிடாமல் இங்குள்ள முதியோரின் பானை வரைக்கும் வந்து சேர வேண்டும் என்றால், விளைவிப்பவர்களிடமிருந்து ஊர்க்குழுக்களே நேரடியாகப் பயறு வாங்குகிற ஏற்பாடு ஒன்று வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திராமல், இந்த அறக்கட்டளையாரிடம் நான் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். தெருவுக்கு ஒரு நாற்காலியும் ஓர் அளவு நாடாவும் கொண்டு, அறுபதைக் கடந்த ஒவ்வொருவரையும் அளந்து, கெண்டைக்கால் சிறுத்தவர்களும் ஐந்து முறை எழ முடியாதவர்களும் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே தெருவில் உள்ள கல்லூரிப் பிள்ளைகளிடம் எழுந்து உட்காருகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தட்டில் பயறு விழாத வீட்டுக்கு மாதம் ஒரு படி உளுந்தோ காணமோ கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் சொற்பொழிவு நிகழ்த்த வருகிறவர் எவராயினும், அவருக்கு முன்பாக அந்த நோட்டை வாசித்து, சுவரைப் பிடிக்காமல் எழுந்தவர்கள் இத்தனை பேர் என்று ஊராருக்குக் கணக்குச் சொல்லுங்கள். அது பிரத்தியட்சமாக நடந்தால், வயசாச்சுல்ல என்று கைவிட்டுச் சொல்லுகிற வழக்கத்தை இந்தச் சீமை தானே மறந்துவிடும் என்பது என் நம்பிக்கை.